அக்குளில் கட்டிய நெறி

(கடலூர் தேவனாம்பட்டினத்தில் படிப்பக ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, ஊர்ப் பஞ்சாயத்தார் அவர்களே, நான்காம் வகுப்பில் எனக்கு எழுத்துத் திருத்தி, இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை அம்மா அவர்களே, சுகாதார நிலையத்து மருத்துவர் அவர்களே, செவிலியர் சகோதரியே, பந்தல் போட்ட தம்பிகளே, வலையைக் காயப்போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

உடம்புக்குக் காவல் மூன்று அடுக்கு: தோல், ரத்தத்து வெள்ளையணு, வந்த கிருமியை மறக்காத நினைவு. மூன்றையும் சொல்கிறேன். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள். கெடிலம் பெருகிப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

என் சித்தப்பா வலை உதறும்போது கெளுத்தி முள், முதல் காவலான தோலைத் துளைத்துப் பெருவிரலில் ஏறிவிட்டது. கடல் தண்ணீரில் கழுவிவிட்டு வேலையை முடித்துத்தான் கரைக்கு வந்தார். மறுநாள் விரல் சிவந்து வீங்கியது, தொட்டால் அனல். சித்தி மஞ்சள் பற்றுப் போட்டார். மூன்றாம் நாள் சீழ். அக்குளில் கோலிக்குண்டு போல நெறி கட்டியது. "விஷம் ஏறிடுச்சு" என்று தெருவே திண்ணையில் கூடிவிட்டது. ஆயா வேப்பிலையோடு வந்துவிட்டார். மருத்துவரிடம் அழைத்துப் போனோம்; போகத்தான் வேண்டும். ஆனால் அந்த நெறி எதிரியல்ல. சிவப்பும் அனலும் ரத்தக்குழாய் விரிந்து வெள்ளையணுக்கள் இறங்குவதன் அடையாளம். சீழில் இருப்பது கிருமியோடு மல்லுக்கட்டி மாண்ட வெள்ளையணுக்கள். நெறி என்பது நிணநீர் முடிச்சு. வந்த கிருமியை அடையாளம் கண்ட அணுக்கள் அங்கே பல்கிப் பெருகுவதால் வீங்குகிறது.

1882இல் சிசிலித் தீவில் மெச்னிகாஃப் என்ற அறிஞர், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை பார்த்தால், அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. வலையில் ஏறினால் நாம் உதறி எறிகிற அதே நட்சத்திர மீன்தான்! 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சித்தப்பாவுக்கு விரல் ஆறியது. "கடைசியாக டி.டி. ஊசி எப்போது போட்டீங்க?" என்று கேட்டேன். காயத்தின் வழியே வரும் ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) தடுப்பூசி அது. அவருக்கு ஞாபகமில்லை. அதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தேன். மூன்றாம் காவல் நினைவு. தட்டம்மை ஒருமுறை வந்தால் உடம்பு ஆயுளுக்கும் மறக்காது. ரண ஜன்னி அப்படியல்ல. ஆளைக் கொல்ல அதன் நஞ்சு இம்மியளவு போதும். அந்த இம்மி, நினைவை எழுப்பப் போதாது. பிழைத்து எழுந்தவருக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பது இங்கேதான்.

10 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகப் போடுகிறது. படிப்பை விட்டுப் படகேறிய பையனுக்குத்தான் இரண்டாவது தப்பிப்போகிறது. முள் குத்துவதும் அவனுக்குத்தான். தாய்மார்களே, வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியில் தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். ஞாயிறு காலை படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அட்டை இருந்தால் அட்டையோடும், இல்லாவிட்டால் பிள்ளையோடும் வாருங்கள். சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப்போகிறேன்.