பஞ்சருக்குக் காசு கொடுத்தது யார்?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். மேடைக்கும் பந்தலுக்கும் பந்தலுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் சேர்த்து இன்னொரு வணக்கம். அவ்வளவுதான், கொடுத்திருப்பதே பத்து நிமிடம்.

ஜூன் முதல் ஏப்ரல் வரை பள்ளிப் பிள்ளையைத் தாங்குவது வீடா, பள்ளிக்கூடமா என்பது தலைப்பு. நான் பள்ளிக்கூடத்தின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வெடி போட்டார். "சைக்கிளை அரசு கொடுக்கும், பள்ளிக்கூடம் பந்தல் போட்டு வழங்கும், போட்டோ எடுத்துக்கொள்ளும். பஞ்சர் ஆனால் காசு கொடுப்பது அப்பன்தானே?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஓர் ஐயா விசிலே அடித்தார். ஐயா, உங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பஞ்சரை ஒட்டாமல் நான் இறங்கப் போவதில்லை. ஆனால் தலைப்பைப் பற்றியும் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவர் கோபித்துக்கொள்வார்.

1920-இல் சென்னை ஆயிரம்விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கினார் பிட்டி தியாகராயர். 1956-இல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். மாடு மேய்த்த சிறுவன் கதையை நான் சொல்லவில்லை, அது நடுவருக்கே மனப்பாடம். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். பிறகு கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. கொடி மாறியது, உலை அணையவில்லை. எதிரணியினர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. கூட்டத்துக்குத் தாக்கீது போகிறது. போய்ப் பாருங்கள், முக்கால் பங்கு நாற்காலி காலி! பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்களே, அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று வீடு வீடாகத் தேடிப் போவது யார்? வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்தான். நாலு வார்த்தை முடிந்தது. இனி பஞ்சர்.

2006-இல் நான் பிளஸ் ஒன். எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர். அந்த ஆண்டு எனக்கு இலவசச் சைக்கிள் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின் மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டில் என் பெயரை எழுதினேன். இன்ஷியலோடு, நன்றாகப் பெரியதாக எழுதினேன். என்னுடைய சைக்கிள் அல்லவா!

மறுநாள் காலை நாலரை மணிக்கு அப்பா அதில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போனார். எட்டரைக்கு வந்தது. "இரு, புல்லுக்கட்டு ஒன்று இருக்கிறது" என்றார் அப்பாயி. புல் வந்ததும் சித்தப்பா ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனார். மாலையில் நெல் மூட்டை மில்லுக்குப் போனது. இரவில் சித்தப்பா இரண்டாம் ஆட்டம் போனார். சைக்கிளுக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

நான் நடந்தே போனேன். என் பெயர் மட்டும் ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றியது! என் பெயர் சந்தைக்குப் போனது, மில்லுக்குப் போனது, நள்ளிரவில் சினிமா பார்த்துவிட்டு வந்தது. பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம், "உன் மகள் பெயரை நேற்று ராத்திரி டீக்கடை வாசலில் பார்த்தேனே" என்று கேட்டுவிட்டார்.

எதிரணி அண்ணனே, இதுதான் வீடு பிள்ளையைத் தாங்கிய அழகு. வீடு பிள்ளையைத் தாங்கவில்லை, பிள்ளையின் சைக்கிள்தான் வீட்டைத் தாங்கியது!

தினமும் தாமதம். ஒருநாள் தலைமையாசிரியை அம்மா என்னை நிறுத்தினார். "காலையில் வரும் வழியில் உன்னைப் பார்த்தேன். உன்மேல் ஒரு புல்லுக்கட்டு உட்கார்ந்திருந்தது" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்து முடிக்கும் வரை எதுவும் பேசவில்லை. எழுந்து போகும்போது அப்பாவிடம், "சைக்கிளில் எழுதியிருப்பது யார் பெயர் என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.

மறுநாள் விடிந்தபோது சைக்கிள் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, வாசலில் நின்றது. அப்பா பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போயிருந்தார்.

இப்போது பஞ்சர் கணக்கு. எங்கள் பாதை முழுவதும் கருவேல முள். வாரத்துக்கு ஒன்றாவது நிச்சயம். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்த சைக்கிள் கடைக்காரர் ஒட்டிக் கொடுப்பார், காசு கேட்க மாட்டார். "கணக்கில் இருக்கிறது, போம்மா" என்பார். யார் கணக்கு என்று நானும் கேட்கவில்லை.

பிளஸ் டூ கடைசித் தேர்வு முடிந்த மாலை, அந்தக் கடை வாசலில் தலைமையாசிரியை கைப்பையைத் திறந்துகொண்டு நிற்கிறார். "இந்தப் பெண்ணின் கணக்கை முடித்துவிடுங்கள்." சரியாக அந்த நேரத்துக்கு அப்பா, வேட்டி மடிப்பை அவிழ்த்துக்கொண்டு வருகிறார். "பாப்பா கணக்கு எவ்வளவு?" தலைமையாசிரியை அப்பாவைப் பார்க்கிறார். அப்பா தலைமையாசிரியையைப் பார்க்கிறார். இருவரும் சேர்ந்து கடைக்காரரைப் பார்க்கிறார்கள்.

இரண்டு ஆண்டாக ஒரே பஞ்சருக்கு இரண்டு பேரிடமும் காசு வாங்கியிருக்கிறார் அந்தப் புண்ணியவான்!

தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஒரு பங்கு பஞ்சருக்கு. இன்னொரு பங்கில்தான் பின் டயரும் டியூபும் புதிதாகப் போட்டேன். பிள்ளை பரீட்சைக்குப் போகிற அன்றைக்குக் காற்று இறங்கிவிடக் கூடாது பாருங்கள்."

சொல்லுங்கள் அண்ணனே, பஞ்சருக்குக் காசு கொடுத்தது அப்பன் மட்டுமா?

நடுவர் மணியைத் தொடுகிறார், தெரிகிறது. ஒரே நிமிடம். அப்பா போன ஆடியில் காலமாகிவிட்டார். அந்தச் சைக்கிள் இன்னும் மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. கருமாதி முடிந்து பொருள்களை ஒதுக்கும்போது பார்த்தேன். துருவேறி என் பெயர் முழுவதும் உதிர்ந்துபோயிருந்தது. முன்னால் இருந்த அந்த ஒற்றை எழுத்து, இன்ஷியல், அது மட்டும் அப்படியே நிற்கிறது. அது அப்பாவின் பெயர்.

எதிரணிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. போகட்டும். மணி அடியுங்கள் ஐயா, நான் இறங்குகிறேன்.