ஓடினுக்கு ஒரு தோப்பு: தூண், படையல், தீ

அவையோருக்கு வணக்கம்.

ஓடின், தோர், ஃப்ரேய் ஆகிய பழைய வட ஐரோப்பியத் தெய்வங்களுக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. ஐஸ்லாந்தில் 1972-இல் அதற்கென ஒரு சங்கம் தொடங்கி, மறு ஆண்டே அரசு அங்கீகாரம் பெற்றது. அதன் முதல் தலைமைக் குரு ஸ்வேய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்ஸன் ஒரு விவசாயி. சுவீடன் நாட்டுப்புறத்தில் சொந்த நிலத்தில் இந்தத் தெய்வங்களுக்கு ஒரு வழிபாட்டுத் தோப்பை நடத்துவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். புராணக் கதைகளைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. பராமரிப்பைச் சொல்லத்தான் ஆள் குறைவு.

எடுத்த எடுப்பில் கோயில் கட்டாதீர்கள். தென் சுவீடனில் உப்போக்ரா என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த வழிபாட்டு வீடு சுமார் 13 மீட்டர் நீளம், ஆறரை மீட்டர் அகலம். அந்தச் சின்ன வீட்டையே அதே இடத்தில் பலமுறை திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செலவை எண்ணிக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் ஹேசல் என்ற கொட்டைமரத்தின் கம்புகளை நட்டுக் கயிறு சுற்றினாலே போதும். எகிலின் சரிதை என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில் வழக்காடு களத்துக்கு எல்லை கட்டியது அப்படித்தான்.

அடுத்தது தெய்வத்தூண், அதாவது தெய்வத்துக்காக நடும் மரத்தூண். வைரம் பாய்ந்த ஓக் மரமே வேண்டும். வெளிப்புறத்து வெளிறிய மரத்தைச் செதுக்கித் தள்ளிவிடுங்கள். மூன்று மீட்டர் தூணென்றால் 80 முதல் 90 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகட்டும். ஆழத்தில் காற்றில்லை, மேலே ஈரம் நிற்பதில்லை. காற்றும் ஈரமும் சேர்ந்திருப்பது தரைமட்டத்தில். அதனால் மட்குவதும் அங்கேதான். கான்கிரீட் போட்டால் உறுதி என்று நினைப்பார்கள். மரம் காய்ந்து சுருங்கியதும் இடுக்கில் தண்ணீர் தேங்கிவிடும். குழியில் ஜல்லியைக் கொட்டி இடியுங்கள், நீர் வடிந்துவிடும். உச்சியைச் சரிவாக வெட்டுங்கள்.

பைன் மரத்துத் தாரும் ஆளி விதை எண்ணெயும் சரிபாதி கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கிப் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது வெப்பம் கிளம்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போடுங்கள்.

இனி படையல். தோப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பக்தர்களின் தாராளம்தான். பன்றி இறைச்சியைக் காட்டில் விட்டுப் போகவே கூடாது. 2023-இல் சுவீடனின் ஃபாகர்ஸ்டா பகுதிக் காட்டுப்பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. அந்தக் கிருமி வேகாத, பதப்படுத்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாக்லேட்டும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு. உப்பும் சாராயமும் ஒரே வேரில் திரும்பத் திரும்ப விழுந்தால் மரம் வாடும். நைலான் நாடா கட்டினால் கிளை பருக்கப் பருக்கப் பட்டையை அறுக்கும். கம்பளி நூலைத் தளர்த்திக் கட்டுங்கள். ஒரு வாய் அளவு படைத்துவிட்டு மீதியை எல்லோரும் உண்ணுங்கள். ப்ளோட் என்ற பழைய பலிச் சடங்கும் விருந்தோடு கூடியதுதான். மிருகம் வெட்டுவதானால் இன்னொன்று: சுவீடனில் இரத்தம் வடிக்குமுன் மிருகத்தை உணர்விழக்கச் செய்வது சட்டப்படி கட்டாயம்.

அடுத்தது குடிக்கத் தேன்மது, அதாவது தேனைப் புளிக்கவைத்த மது: ஐந்து லிட்டருக்குத் தேன் ஒன்றரைக் கிலோ. தேனில் நைட்ரஜன் குறைவு, ஈஸ்ட் பட்டினி கிடந்து அழுகிய முட்டை வாடை கிளப்பும். ஈஸ்டுக்கான ஊட்டச்சத்து சேர்க்க வேண்டும். வண்டி ஓட்டி வருபவர்களுக்கு ஆப்பிள் சாறு.

தீயைப் பாறைமேல் மூட்டினால் பாறை வெடிக்கும், அந்தத் தழும்பு ஆறாது. கால் வைத்த இரும்புச் சட்டியில் மூட்டுங்கள். கோடையில் தீத்தடை அமலில் உண்டா என்று அன்று காலையே பாருங்கள்.

சுவீடனில் பிறர் காட்டில் நடந்துபோக யாருக்கும் உரிமை உண்டு. ஆகவே சத்தியம் செய்யும் வளையம், மது குடிக்கும் கொம்பு எல்லாம் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். இந்தத் தெய்வச் சின்னங்களை இனவெறியர்கள் தூக்கித் திரிவதால், அவர்களுக்கு இங்கே இடமில்லை என்று வாசல் பலகையில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மழுப்பி எழுதினால் அவர்கள்தான் முதலில் வருவார்கள்.

கடைசியாகக் கழிப்பறை. சிரிக்க வேண்டாம். ஏர்பிக்யா சரிதை என்ற இன்னொரு ஐஸ்லாந்துக் கதையில், தோரோல்ஃப் என்பவர் ஊர்மன்றம் கூடும் தன் புனிதக் களத்தில் யாரும் மலங்கழிக்கக் கூடாதென்று, அதற்கெனக் கடலோரத்தில் ஒரு பாறைத்திட்டை ஒதுக்கிவைத்தார். பின்னாளில் வேறொரு குடும்பம் அவ்வளவு தூரம் நடக்க மாட்டோமென்று மறுத்தது. சண்டை மூண்டு இரத்தம் சிந்தியது. களம் தீட்டாகி, மன்றத்தையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் கழிப்பறையைக் கிணற்றிலிருந்து தள்ளி, ஆனால் வருகிறவர்கள் சோம்பாத தூரத்தில் அமையுங்கள்.