ஊசியா, மாத்திரையா?

வணக்கம். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை தேவை என்று சொன்னதுமே என்னிடம் வருகிற கேள்வி, "டாக்டர், இருக்கிறதிலேயே நல்ல மருந்து எது?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் நான் சிலதைக் கேட்பேன்: இதயம் எப்படி, முதுகுவலி உண்டா, தினமும் மாத்திரை போட மறக்க மாட்டீர்களா?

இந்த நோய்க்குத் தீனி, விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன். விரைகளை அகற்றினால் நோய் அடங்குகிறது என்று 1941-இலேயே சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற மருத்துவர் காட்டினார், 1966-இல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார். அந்த அறுவை இன்றும் உண்டு, ஒரே தடவையில் முடிந்துவிடும், ஆனால் போனது போனதுதான் என்பதால் பலரும் மருந்தையே கேட்கிறார்கள்.

லியூப்ரோலைடு, கோசெரெலின், டிரிப்டோரெலின் மூன்றும் ஒரு குடும்பம். மருந்தைப் பொறுத்து மாதம் ஒன்றோ, சில மாதங்களுக்கு ஒன்றோ ஊசி. இவை வேலை செய்கிற விதம்தான் வேடிக்கை. விரைகளை வேலை வாங்குவது மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி. மூளை விட்டு விட்டுத்தான் அதற்குச் சேதி அனுப்பும், இந்த மருந்தோ அதே சேதியை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓயாமல் கூப்பிடுகிறவரைக் கடைசியில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பிட்யூட்டரியும் கண்டுகொள்வதை விட்டுவிட, மூன்று நான்கு வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் விழுந்துவிடும். சிக்கல் அதற்கு முந்தைய நாட்களில். முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாது, ஏறும்! பலருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் முதுகெலும்பில் நோய் பரவியிருந்தால் வலி கூடலாம், தண்டுவடம் அழுத்தப்பட்டுக் கால் மரத்துப் போகலாம், சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் டெஸ்டோஸ்டிரோனை வேலை செய்யவிடாத பைகலூட்டமைடு மாத்திரையைச் சில வாரம் துணைக்குக் கொடுக்கிறோம். "ஊசிதான் போட்டாச்சே, இது எதற்கு" என்று அதை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது குடும்பம் அந்தச் சேதியை நேராகவே மறித்துவிடும், ஏற்றமே கிடையாது. டெகாரெலிக்ஸ் மூன்று நாளில் அளவை இறக்கிவிடும், ஆனால் மாதாமாதம் வயிற்றில் ஊசி, போட்ட இடம் சிவந்து வீங்கி வலிக்கும். ரெலுகோலிக்ஸ் 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. லியூப்ரோலைடோடு ஒப்பிட்ட ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் இதில் 2.9 சதவீதம், அதில் 6.2. நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோனும் சீக்கிரம் திரும்புகிறது. அப்படியென்றால் இதயத்துக்கு இந்தக் குடும்பம்தான் நல்லது என்று சொல்லிவிடலாமா? நான் அவசரப்பட மாட்டேன், ஏனென்றால் டெகாரெலிக்ஸை வைத்து இதயத்துக்காகவே செய்த ஆய்வு பாதியில் நின்றது, 2021-இல் வந்த அதன் முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் என்றால் இந்தப் பக்கம்தான் என் மனம் சாயும். மாத்திரையை அடிக்கடி மறக்கிறவருக்கு ஊசியே மேல், மறந்தால் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி எழுந்துவிடும்.

திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது, எலும்பு தேய்வது, தசை குறைந்து எடை ஏறுவது, ஆசை அற்றுப்போவது, இதெல்லாம் எந்தக் குடும்பமானாலும் வரும், டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் வருகிறவை அவை. பலர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, மனைவிதான் தனியாக வந்து சொல்கிறார்.

அப்புறம், நோய் பரவியிருந்தால் இவற்றோடு இன்னொரு மாத்திரையும் சேரும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரினல் சுரப்பியிலும் நோய்க்குள்ளேயும் உருவாகும் ஹார்மோனை அபிராடெரோன் தடுக்கும், ஸ்டீராய்டு மாத்திரையோடுதான் போடவேண்டும், இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், வழக்கமான மாத்திரை என்றால் வெறும் வயிற்றில்தான், சாப்பாட்டோடு போட்டால் பலமடங்கு உடம்பில் ஏறிவிடும். என்சலூட்டமைடும் அபலூட்டமைடும் ஹார்மோன் செல்லுக்குள் ஒட்டுவதையே தடுப்பவை, ஆனால் சோர்வு அதிகம், வலிப்பு வந்தவர்களுக்கு யோசிக்கவேண்டும். இதே வகை டாரொலூட்டமைடு மூளைக்குள் குறைவாகவே போகிறது, அதனால் இந்தத் தொல்லைகள் குறைவாக இருக்கலாம். என்சலூட்டமைடும் அபலூட்டமைடும் வேறு பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும், இரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற சில மாத்திரைகள் உட்பட. அதனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.