இரண்டு விரலும் ஒரு மண்புழுவும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சின்னப் பாடம் வாசிக்கிறேன், கேளுங்கள். "மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. அது தோல் வழியாகச் சுவாசிக்கிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் சுவாசிக்க முடியும். வெயில் நேரத்தில் மண்புழு மண்ணுக்குள்ளேயே இருக்கும்." நான்கே வாக்கியம். ஏழு வயதுப் பிள்ளை தடுமாறாமல் வாசித்துவிடும். "மண்புழு எதன் வழியாகச் சுவாசிக்கிறது?" என்றால் "தோல்!" என்று வகுப்பே கத்தும். சரி, "வெயிலில் அது ஏன் வெளியே வருவதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். ஒரு குரல் மட்டும் "சுடும்ல!" என்று வரும்.

அந்தப் பதிலில் தப்பில்லை. ஆனால் அது வெறுங்காலோடு வெயிலில் நடந்த அனுபவத்திலிருந்து வந்தது. பாடம் தரும் பதில் மூன்றாவது வாக்கியத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் கிடக்கிறது. வெயிலில் தோல் காயும், காய்ந்தால் மூச்சுவிட முடியாது. இதை வாசிக்கிறவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். பெரியவர்கள் நாம் யோசிக்காமலே நிரப்பிவிடுவதால், பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

கதையில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே ஒருவனுக்கு ஏதோ ஒன்று வேண்டும், அவன் பின்னாலேயே பிள்ளையும் போய்விடும். தகவல் பாடத்தில் அப்படிக் கூட்டிப்போக ஆள் கிடையாது.

வகுப்பில் என்றால் கரும்பலகையில் அம்புக்குறி போடுவேன், வானொலியில் அதற்கு வழியில்லை. விரல் போதும். இடது கை விரலை ஒரு வாக்கியத்தில் வைக்கச் சொல்லுங்கள். வலது கை விரல் இன்னொரு வாக்கியத்தில். "இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன சொல்லலாம்? அதனால்? ஏனென்றால்? ஆனால்? பிறகு?" அவ்வளவுதான். விரல் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், அது முக்கியம். ஒரே இடத்தில் இருந்தால் பிள்ளை அந்த வரியையே திருப்பி ஒப்பிக்கும்.

ஒரு நாள் அதே மண்புழுப் பாடத்தின் அடுத்த பக்கம். ஒரு வரி, மண்புழுவுக்குக் காது இல்லை என்கிறது. நான்கு வரி தள்ளி, நாம் நடந்து வந்தால் அது வளைக்குள் போய்விடும் என்கிறது. ஒரு சிறுமி இரண்டு விரலையும் வைத்தாள், உதட்டைக் கடித்தாள். "ஆனால்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து, "காது இல்லாம நாம வர்றது எப்படித் தெரியும் சார்?" என்றாள். எனக்கு அன்று பாடமே நடத்த வேண்டியிருக்கவில்லை. பக்கம் பக்கமாகத் தேடினார்கள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: மண் அதிர்வதை மண்புழு உணரும்.

இதே கேள்வியை டார்வினும் கேட்டிருக்கிறார். மண்புழுக்களுக்குப் பக்கத்தில் பியானோ வாசித்துப் பார்த்தார், அவை அசையவே இல்லை. மண்தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் வளைக்குள் ஓடிவிட்டன. 1881இல் வெளியான அவருடைய மண்புழு நூலில் இது இருக்கிறது. இதைச் சொன்ன பிறகு அந்த வகுப்பில் மேசையைத் தட்டாத பிள்ளை இல்லை, அது வேறு கதை.

இன்னொன்று. பாடம் தொடங்கியதும் "உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறோம். நல்ல கேள்விதான். ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள், மணி அடித்துவிடும், புத்தகம் மூடியபடியே இருக்கும். பிள்ளைக்கும் பாடத்துக்கும் முடிச்சுப் போட்டோம். வரிக்கும் வரிக்கும் போடவில்லையே! சொந்தக் கதை இரண்டு போதும், பிறகு விரலுக்கு வந்துவிடுங்கள்.

பாடம் எழுதுகிறவர்களிடமும் ஒரு குறை உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு எளிமையாக எழுதுகிறோம் என்று நீள வாக்கியத்தை உடைக்கிறார்கள். உடைக்கும்போது 'அதனால்', 'ஏனென்றால்' எல்லாம் உதிர்ந்துபோகின்றன. வாசிக்கச் சுலபம், புரிந்துகொள்ளக் கஷ்டம். அந்தச் சொற்களை விட்டுவையுங்கள். பிள்ளைகள் அவற்றைப் பேச்சில் தினமும் சொல்கிறவர்கள்தான்.

இரண்டு பிராணிகளை ஒப்பிடும் பாடங்களைப் பற்றியும் பேச நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: 'தவளை எங்கே முட்டையிடும், பல்லி எங்கே முட்டையிடும்' என்று ஒரே கேள்வியை இரண்டு பிராணியிடமும் கேட்கச் சொல்லுங்கள். விரல் அங்கேயும் இரண்டுதான். வணக்கம்.