பட்டி பூசாத கட்சி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பழைய கார்களைப் பார்க்க வந்து, வெயில் தாங்காமல் இந்தப் பந்தலுக்குள் ஒதுங்கி, எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் கோவைப் பெருமக்களே, வணக்கம்.

'பழைய காருக்கு அழகு, புதுப்பிப்பதா? உள்ளபடியே காப்பதா?' என்பது தலைப்பு. உள்ளபடியே காப்பதுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி பளபளவென்று பேசினார். பேச்சுக்கே பட்டி பூசி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் கீறலும் துருவுமாகத்தான் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவம் பார்க்க மாட்டீர்களா? காருக்குப் பார்த்தால் மட்டும் குற்றமா?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். மருத்துவம் பார்ப்பேன், அம்மா. மாத்திரை வாங்கித் தருவேன், பல் கட்டிவிடுவேன், கண்புரை எடுத்துவிடுவேன். ஆனால் தாத்தாவின் தோலை உரித்துவிட்டு இருபது வயதுப் பையனின் தோலைப் போர்த்தித் திண்ணையில் உட்கார வைக்க மாட்டேன். பாட்டி வந்து "யார் இந்தத் தம்பி?" என்று கேட்டுவிடுவாள்.

எங்கள் அணி துருவைக் கும்பிடும் அணி என்று எண்ணிவிட வேண்டாம். பிரேக் லைனிங் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். டயர் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இன்று பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ரப்பர் குழாய் அதைத் தாங்காது, மாற்றுங்கள். கழற்றிய குழாயை மட்டும் தூக்கி எறியாமல், ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இதற்குப் பெயர் பராமரிப்பு. நாங்கள் எதிர்ப்பது வேறு. ஓடுகிற காரை நட்டு போல்ட் வரை பிரித்து, பெயின்டைச் சுரண்டி, இருக்கையைக் கிழித்தெறிந்து, வயரிங்கை அறுத்து, கடைசியில் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் எண்ணை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு "அசல் கார்" என்று பெயர் சூட்டுகிறார்களே, அதைத்தான்.

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. அப்பாவிடம் ஒரு ஹெரால்டு, பெரியப்பாவிடம் ஒரு பியட் 1100. பியட்டை ஒரு பட்டறையில் விட்டார்கள். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், நன்றாகத்தான் வேலை செய்தார்கள், எட்டு மாதம் செய்தார்கள். திரும்பி வந்தபோது தெருவே கூடிவிட்டது. பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பெரியப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு உள்ளே உட்கார்ந்து டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, அதன் மூடியின் உட்புறத்தைப் பார்த்தார். அந்த மூடியில் அவர் பென்சிலால் கணக்கு எழுதி வைத்திருந்தார். "14.1.69, ஆயில் மாற்றியது, 31,240" என்பது போல வரிசையாக, அவருடைய பொடி எழுத்தில், முப்பது வருடக் கணக்கு. அதன்மேலும் ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். வழவழவென்று இருந்தது. பெரியப்பா விரலால் ஒருமுறை தடவினார், மூடினார். "நன்றாக இருக்கிறது" என்று சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் காரை அவர் அதிகம் எடுக்கவில்லை.

சகோதரி கேட்கலாம், பென்சில் எழுத்துக்காகவா ஒரு காரைத் துருப்பிடிக்க விடுவது என்று. நான் சொல்வது இவ்வளவுதான்: புதுப்பிக்கும் வேலையை இன்றும் செய்யலாம், பத்து வருடம் கழித்தும் செய்யலாம், உங்கள் பேரன்கூடச் செய்யலாம். செய்துவிட்டதைத் திரும்பப் பெற முடியாது. ஒரு பக்கம் திறந்தே இருக்கும் கதவு. மறுபக்கம் ஒருமுறை சாத்தினால் சாவியே இல்லாத கதவு. இரண்டில் எதில் அவசரம் காட்டக் கூடாது என்பது தெரியாதா?

இப்போது ஹெரால்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச நடுவர் அனுமதிக்க வேண்டும். மணியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். இந்த மாநிலத்திலேயே பிறந்த கார் அது. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னையில் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. வடிவமைத்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலியர். மூலக் கார் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்தது. பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாய்போல எழுந்து நிற்கும். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம் வீடுகளில் அம்மா, அத்தை, பாட்டி, நான்கு பிள்ளைகள் ஏற வேண்டாமா? சென்னைக்காரர்கள் பின்னால் இன்னும் இரண்டு கதவு வைத்துவிட்டார்கள். நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் தயாராகவில்லை.

1980களின் இறுதியில் அந்த நிறுவனம் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பின்கதவுக்கு என்ன ஸ்குரூ போட்டார்கள், எந்த ரப்பர் பட்டை ஒட்டினார்கள், உள்பக்கம் என்ன பூச்சு அடித்தார்கள் என்று இன்று யாரிடம் கேட்பது? காரிடம்தான் கேட்க வேண்டும். பிரிக்கப்படாத கார் பதில் சொல்லும். புதுப்பித்த கார் என்ன சொல்லும்? இங்கிலாந்து ஹெரால்டுக்கான உதிரி பாகங்கள் அங்கே இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வரவழைத்துப் பூட்டிவிட்டு "ஒரிஜினல் பார்ட்ஸ்" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பாகமாகச் சென்னை கழன்று போய் இங்கிலாந்து உள்ளே ஏறுகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததுகூடப் பரவாயில்லை, ஐயா. இங்கே நம் ஊர்ப் பிள்ளையாரை உடைத்து வேறு ஊர்ப் பிள்ளையார் செய்கிறார்கள்.

கோவையில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊர்க் கடைசல் பட்டறையில் எதைக் கொடுத்தாலும் மறுநாள் காலை கடைந்து தந்துவிடுவார்கள். முடியாது என்ற ஊரில் பழைய கார் தானாகப் பிழைத்துக்கொள்ளும். எல்லாம் முடியும் என்ற ஊரில்தான் பயமாக இருக்கிறது.

பளபளப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்து செல்லுலோஸ் பெயின்ட் அடக்கமாக மின்னும், நெல்லிக்காய்த் தோல் மாதிரி. இன்று அடிக்கும் பெயின்டும் அதன்மேல் பூசும் நிறமற்ற கிளியர் கோட்டும் கண்ணாடி. அதாவது, புதுப்பித்த கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை. பிறந்த நாளில் இல்லாத அழகை எழுபதாவது வயதில் கொடுத்துவிட்டு, இதுதான் அசல் என்றால் எப்படி?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சட்டம் படித்தவர். ஒரு வழக்கைச் சொன்னார். 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார். 1929-லும் 1930-லும் பிரான்சின் லெ மான் கார்ப் பந்தயத்தை வென்றது. 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் விபத்து, ஓட்டியவர் இறந்தார். பிறகு வேறு பாடி கட்டினார்கள். ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசியவர், 'இதில் 1929-ஆம் வருடத்துப் பாகம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லையே' என்று பின்வாங்க, 1990-இல் இங்கிலாந்து நீதிமன்றம் 'இது அதே கார்தான்' என்று தீர்ப்பளித்தது. ஆகவே பாகத்தை மாற்றினாலும் கார் மாறாது என்றார் நண்பர். தீர்ப்பின் காரணத்தை அவர் சொல்லவில்லையே! அந்தக் காரில் பெரும்பாலான மாற்றங்கள் அது பந்தயம் ஓடிய காலத்திலேயே நடந்தவை. தொடர்ச்சி அறுபடவில்லை. நாங்களும் அதைத்தானே காக்கச் சொல்கிறோம்? விபத்தில் விழுந்த ஒடுக்கும் காரின் வரலாறு. 'முதல் நாள் போல ஆக்குகிறேன்' என்று அந்த ஒடுக்கை நீக்குகிற கைதான் தொடர்ச்சியை அறுக்கிறது.

சட்டம் என்றதும் நம் நாட்டுச் சட்டமும் நினைவுக்கு வருகிறது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலான வாகனத்துக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு எண் கிடைக்கும். நிபந்தனை என்ன தெரியுமா? அசல் வடிவில் இருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நடுவர் அவர்களே, போக்குவரத்து அமைச்சகம் எங்கள் அணியில் உட்கார்ந்திருக்கிறது.

வெளிநாட்டிலும் காற்று திரும்பிவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெபிள் பீச் என்ற இடத்தில் 1950 முதல் கார் அழகுப் போட்டி நடக்கிறது. உலகத்துப் புதுப்பிப்பாளர்களுக்கெல்லாம் அதுதான் கும்பமேளா. எத்தனையோ வருடம் அங்கே கண்ணாடிபோல் மின்னியவைதான் வென்றன. 2024-இல் முதல் பரிசு வாங்கியது எது? 1934-ஆம் ஆண்டின் ஒரு புகாட்டி. பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டு வைத்திருந்த கார். அவருக்காக அடித்த கறுப்புப் பெயின்ட், மேலே மஞ்சள் பட்டை, எல்லாம் வெடித்தும் உரிந்தும் அப்படியே இருக்கின்றன. புதுப்பிக்காத பழைய கார் ஒன்று அங்கே முதல் பரிசு வாங்கியது அதுவே முதல்முறை.

ஒப்புக்கொள்ள வேண்டியதையும் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் டல்சா நகரத்தில் 1957-இல் ஒரு புத்தம்புதிய பிளிமத் காரைக் கான்கிரீட் அறைக்குள் வைத்துப் புதைத்தார்கள், ஐம்பது வருடம் கழித்துத் திறப்பதாக. 2007-இல் திறந்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து கார் துருக்கட்டியாகியிருந்தது. எதிரணித் தலைவர் இதைச் சொல்லக் காத்திருக்கிறார் என்று தெரியும். அவருக்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். புதைத்துவிட்டு ஐம்பது வருடம் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்குக் காப்பது என்றா பெயர்? ஊறுகாய் ஜாடியைக்கூட வாரம் ஒருமுறை கிளறிவிடுகிறோம். ஆனால் அப்படி முழுக்கக் கரைந்துபோன, காப்பதற்கு எதுவுமே மிஞ்சாத காரை உங்களிடமே தருகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், பட்டி பூசுங்கள். அங்கே எனக்குச் சண்டை இல்லை.

திருப்பணி என்ற பெயரில் நம் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தார்களே, மறந்துவிட்டீர்களா? சுவர் வெளுத்தது. கல்வெட்டு எழுத்து மழுங்கிப்போனது. செய்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். அப்பாவின் ஹெரால்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது, வெளிர்நீலம். நடுவர் தீர்ப்பெழுதும் முன் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில், அப்பா வலது முழங்கையை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம் ஒன்று இருக்கிறது. ஓரத்தில் நீலம், அதற்குள் பிரைமர் என்ற செம்பழுப்பு அடிப்பூச்சு, நடுவில் வெற்றுத் தகரம், உள்ளங்கை அகலத்துக்கு. உங்கள் கையை அதில் வைத்துப் பாருங்கள். அவர் குள்ளம், ஆகவே நீங்கள் கொஞ்சம் சரிந்து உட்கார வேண்டியிருக்கும். ஏறும்போது கதவைச் சற்று மேலே தூக்கித் திறங்கள். நேராக இழுத்தால் வராது.