தூங்குறதுக்கு சம்பளமா? சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன நைட் ஷிப்ட்!

வணக்கம் மக்களே! ராத்திரி 10 மணிக்கு வேலை, போய்ப் படுக்கலாம், காலைல 7 மணிக்கு எந்திரிக்கலாம். இந்த 9 மணி நேரத்துக்கும் மினிமம் வேஜ் குடுங்கனு ஒரு அம்மா கேஸ் போட்டாங்க. "நல்ல வேலையா இருக்கே, எனக்கும் ஒண்ணு பாத்து சொல்லுங்க"னு கமென்ட்டுக்கு ஓடிடாதீங்க, முழுசா கேளுங்க.

இடம் இங்கிலாந்து, ஈஸ்ட் யார்க்‌ஷையர். ஆட்டிசம், கற்றல் குறைபாடு ரெண்டும் இருக்குற ரெண்டு பேர் வாழுற வீடு, 24 மணி நேரமும் ஆள் கூட இருக்கணும். அவங்களைப் பாத்துக்குற மென்கேப்ங்கிற சாரிட்டியோட ஸ்டாஃப்தான் இந்தம்மா. இந்த மாதிரி ட்யூட்டிக்கு அங்க ஸ்லீப்-இன்னு பேரு.

இப்ப அந்தத் தூக்கம் எப்படிப்பட்டதுனு பாருங்க. தனி ரூம் உண்டு, ஆனா காதை ட்யூட்டில விட்டுட்டுதான் தூங்கணும். பக்கத்து ரூம்ல கட்டில் கிறீச்சுங்குது, அவர் சும்மா புரண்டு படுத்தாரா, இல்ல பயந்து எந்திரிச்சு உக்காந்திருக்காரா, போய்ப் பாக்கணுமா, போனா இன்னும் கலைஞ்சிடுவாரா, இதையெல்லாம் அரைத்தூக்கத்துலயே முடிவு பண்ணணும். கைக்குழந்தைய பக்கத்துல போட்டுட்டு தூங்குற அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, நைட் நல்லா தூங்கினியான்னு, முறைப்பாங்க! அதே கோழித்தூக்கம்தான். வீட்டுக்கும் போக முடியாது. என்னைக் கேட்டா இது வேலைதான் சாமி.

ஆனா ட்விஸ்ட் இருக்கு. 16 மாசத்துல அவங்க நிஜமா எந்திரிச்சுப் போக வேண்டி வந்தது 6 தடவைதான்!

சம்பளம்? ஒரு நைட்டுக்கு 22.35 பவுண்டு, கூட ஒரு மணி நேரக் கூலி 6.70, ஆக மொத்தம் 29.05. ஒன்பது மணி நேரத்துக்கும் 6.70 போட்டா 60.30 வரணும், பாதி கூட தேறல. கீழ் கோர்ட்டுல ஜெயிச்சாங்க, 2018-ல அப்பீல் கோர்ட்டுல தோத்தாங்க, 2021 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டும் கைய விரிச்சிடுச்சு: வேலைக்காக முழிச்சிருக்குற நேரத்துக்கு மட்டும்தான் மினிமம் வேஜ். 1998-லயே லோ பே கமிஷன், அதாவது மினிமம் வேஜ் பத்தி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற குழு, இப்படித்தான் சொல்லியிருக்குனு காரணம் காட்டுனாங்க. சட்டப்படி சரியா இருக்கலாம், எனக்கு மனசு ஆறல.

இதே ராத்திரிக்கு வேக்கிங் நைட்னு பேர் வச்சுட்டா கதையே வேற. தூங்கக் கூடாது, படுத்த படுக்கையா இருக்குறவங்கள படுக்கைப்புண் வராம அப்பப்ப திருப்பிப் போடணும், டயபர் மாத்தணும், வலிப்பு வர்றவங்களுக்கு மெத்தை அடியில இருக்குற சென்சார் அலாரத்துக்கு ஓடணும். ஆனா ஒவ்வொரு மணி நேரமும் கணக்குல வரும்.

கேர் வேலைக்கு வெளிநாட்டுலேர்ந்து புதுசா ஆள் எடுக்குறத 2025 ஜூலையோட நிறுத்திட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி விசால போன நம்மாளுங்க, மலையாளிங்க நிறைய பேர் அங்கதான இருக்காங்க, அவங்களுக்கு இத ஷேர் பண்ணுங்க. கான்ட்ராக்ட்ல ஸ்லீப்-இன்னு போட்டிருக்கா, வேக்கிங் நைட்னு போட்டிருக்கா, நடுவுல எழுப்புனா அந்த நேரத்த எப்படி எழுதி வைக்கிறாங்கனு பாத்துட்டு வந்து கமென்ட்ல சொல்லுங்க, பதில் போடுறேன்.