விளையாட்டின் நடுவே அணையும் கணினி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும், பெரிய விளையாட்டுகளை ஆடுவதற்கென்றே பாகம் பாகமாகப் பார்த்து அசெம்பிள் செய்த கணினிகள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. அவை பழுதுபார்க்க வரும்போது நான் மிகுதியாகக் கேட்கும் குறை ஒன்று உண்டு. படம் பார்க்கும்போதும் கல்லூரி வேலைகளைச் செய்யும்போதும் நாள் முழுவதும் ஓடும் கணினி, பெரிய கேம் ஒன்றைத் தொடங்கிய சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறது, அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. உடன் வரும் பெற்றோர் பலர், விளையாடி விளையாடியே பிள்ளை கணினியைக் கெடுத்துவிட்டான் என்று வருந்துகிறார்கள். அந்த வருத்தத்திற்கு அடிப்படை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியிலோ அதற்கு மின்சாரம் வரும் வழியிலோ முன்பே இருந்த ஒரு குறை, முழுச் சுமை ஏறும்போது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதே கணினியில் வீடியோ எடிட்டிங் செய்தாலும், கட்டட வரைபடங்களுக்கு முப்பரிமாண உருக்கொடுத்தாலும் அது அப்படித்தான் நின்றுபோகும்.

சுமை எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். இணையத்தில் செய்தி படிக்கும் நேரத்தில் இப்படிப்பட்ட கணினி ஏறத்தாழ நூறு வாட் மின்சாரத்தில் நிம்மதியாக ஓடும். விளையாட்டில் இறங்கியதும், திரைக்குப் படம் உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே, ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200 வாட், ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 320 வாட் வரை எடுத்துக்கொள்ளும். இது சராசரிக் கணக்கு. ஆயிரத்தில் சில பங்கு நொடிக்கு அந்தக் கார்டு இதைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு மீண்டும் தணியும். அந்தக் கணநேர இழுப்பை, கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி தாங்க வேண்டும், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டும் தாங்க வேண்டும்.

எனவே கடைக்குப் போய்ப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன்னால், கணினி எந்த விதத்தில் நின்றது என்று கூர்ந்து கவனியுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் எல்லாம் நின்றுபோனால், முதல் சந்தேகம் மின்சாரம் வரும் வழியின்மீது விழ வேண்டும். திரை மட்டும் கறுத்துப்போய், விளையாட்டின் ஓசை சற்று நேரம் கேட்டுக்கொண்டிருக்க, கிராபிக்ஸ் கார்டின் விசிறிகள் இரைந்து சுற்றினால், அந்தக் கார்டையோ அதற்குச் செல்லும் மின்கம்பியையோ பார்க்க வேண்டும். படம் முதலில் திக்கித் திணறி, அதன்பின் நின்றால் சூடு காரணமாக இருக்கலாம். பிழைச் செய்தியோடு நீலத் திரை (அண்மைய விண்டோஸ் 11இல் கறுப்புத் திரை) தோன்றினால் அதன் அடியில் இருக்கும் ஆங்கிலச் சொற்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி மேனேஜ்மென்ட் என்று இருந்தால் ராமையும் (கணினியின் தற்காலிக நினைவகம்), வீடியோ டிடிஆர் என்று இருந்தால் கிராபிக்ஸ் கார்டையும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையும், டபிள்யூ.ஹெச்.இ.ஏ. என்று தொடங்கினால் பெரும்பாலும் கணினியின் மூளையான பிராசஸரையும் முதலில் சோதிக்கலாம். விண்டோஸில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை நீக்கிவைத்தால்தான் அந்தத் திரை படிப்பதற்கு நிற்கும்.

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறந்து, கெர்னல் பவர் 41 என்ற சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவுகட்டிக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்தப் பதிவு, கணினி முறைப்படி அணைக்கப்படாமல் நின்றுபோனது என்று மட்டுமே தெரிவிக்கிறது. மின்வெட்டு வந்தாலும் அதே எண்தான். விரலால் பட்டனை அழுத்தி நிறுத்தினாலும் அதே எண்தான். அதற்குச் சற்று முன்னால் வேறு என்ன பதிவாகியிருக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

மின்சாரத்தைப் பற்றி நம் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் வயரிங் பழையது. மரப் பலகையில் பதித்த ஐந்து ஆம்பியர் பிளக் பாயின்ட்டுகள் இன்றும் பயனில் இருக்கின்றன. பள்ளத்தூரில் ஒரு வீட்டில், இரண்டாம் கட்டை ஒட்டிய அறையில் இருந்த கணினியைப் பார்க்கச் சென்றிருந்தேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ராமையும் முன்பே மாற்றியிருந்தார்கள். ஆனாலும் கணினி அணைவது நிற்கவில்லை. மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகி, அதை ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டுப் பையனை விளையாடச் சொல்லிவிட்டு அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. கழற்றிப் பார்த்தபோது ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. உள்ளே இருந்த பித்தளைத் தகடு தளர்ந்து, கருத்துப்போயிருந்தது. அதே பாக்ஸில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில், சும்மா இருக்கும்போது 228 வோல்ட் காட்டியது, விளையாட்டில் சுமை ஏறியதும் தடுமாறி 200க்குக் கீழே இறங்கியது. வாங்கிய பாகங்கள் எவற்றிலும் குறை இல்லை. புதிய சாக்கெட் ஒன்றைப் பொருத்தி, எர்த் கம்பியோடு நேராக இணைத்ததும் கணினி ஒழுங்காக ஓடியது.

கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்வு தெரிகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எர்த் இல்லை என்பதற்கான அடையாளம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக, எர்த் இல்லாத கேபினட்டில் மெயின் மின்னழுத்தத்தின் பாதியளவு வந்து நிற்கும். மிகச் சிறிய மின்னோட்டம்தான் என்றாலும் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. நம்முடைய செம்மண் கோடையில் இறுகிக் காய்ந்துவிடும்போது, எர்த் குழி ஒழுங்காகப் போடப்பட்டிருந்தாலும் அதன் மின்தடை ஏறிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தைப் பெரியவர்கள் பலர் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். மாடியில் விலையுயர்ந்த கணினி வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளும் அதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

யு.பி.எஸ். விஷயத்திலும் ஏமாற்றம் நேர்கிறது. 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியிருக்கும் சிறிய யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். நூறு வாட்டில் ஓடும்வரை அது மௌனமாக இருக்கும். விளையாட்டில் 450 வாட்டைத் தொட்டதும் கூவிக்கொண்டே அணைத்துவிடும். பழுது கணினியில் இருப்பதாகத் தோன்றும். யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்து நேராகச் சுவரில் மாட்டி ஒரு மாலைப்பொழுது ஆடிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். சதுர அலை தரும் பழைய வீட்டு இன்வெர்ட்டர்களில் இப்படிப்பட்ட கணினிகளை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எண்ணையும் 80 பிளஸ் முத்திரையையும் மட்டும் பார்க்கிறார்கள். அந்த முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதைக் குறிக்கிறது. உழைப்பையோ உறுதியையோ அது உறுதிசெய்வதில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்; அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் வாட் கணக்குதான் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது. கிராபிக்ஸ் கார்டில் இரண்டு எட்டு முனைச் சாக்கெட்டுகள் இருந்தால், ஒரே கம்பியின் இரு கிளைகளை இரண்டிலும் செருகாமல், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனித்தனிக் கம்பிகளை இழுத்து மாட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் மட்டுமே சரியான கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சூடு. நம் வீடுகளின் தடித்த சுவர்களும் முற்றமும் மனிதர்களைக் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. கணினியையோ, தேக்குக் கதவு போட்ட சுவர் அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கே அது தான் வெளியேற்றிய வெப்பக் காற்றையே மீண்டும் உள்ளிழுக்கிறது. அறையில் பத்து டிகிரி ஏறினால் கணினியின் உள்ளேயும் ஏறத்தாழ அதே பத்து டிகிரி ஏறும் என்பதால், மார்கழியில் ஒழுங்காக ஓடியது கத்திரி வெயிலில் நிற்பதில் வியப்பில்லை. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, விளையாடும்போது வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்டெல் பிராசஸர்கள் பல 100 டிகிரியை ஒட்டியும், ரைசன் 7000 வரிசையில் பல 95 டிகிரியிலும் தங்களைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்ளும். பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, எதிரே மேசை விசிறியை வைத்து ஆடும்போது கணினி நிற்காமல் ஓடினால், காற்றோட்டமே குறை என்று தெரிந்துகொள்ளலாம். செம்மண் புழுதி நுண்ணியது. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே கம்பளம் விரித்ததுபோலப் படிந்துவிடும். புளோயரால் ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் ஆன கணினியில், பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்டையும் புதிதாக இட வேண்டியிருக்கும்.

மின்சாரமும் சூடும் சரியாக இருந்தால், செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 70 விழுக்காட்டுக்குக் குறைத்து, விளையாட்டின் வேகத்தையும் நொடிக்கு 60 படங்களுக்கு மட்டுப்படுத்தி ஆடுங்கள். அணைவது நின்றுவிட்டால், எஸ்.எம்.பி.எஸ்.மீது ஐயம் வலுக்கிறது. பிறகு சோதனை மென்பொருள்களை ஓடவிட்டு, சினிபெஞ்சால் பிராசஸரைத் தனியாகவும், ஃபர்மார்க்கால் கிராபிக்ஸ் கார்டைத் தனியாகவும், ஓ.சி.சி.டி.யின் பவர் சோதனையால் இரண்டையும் சேர்த்தும் சுமையேற்றுங்கள். தனித்தனியே தாங்கி, சேர்த்து ஏற்றும்போது அணைந்தால், பழுது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான் என்று அதுவே சொல்லிவிடும்.

ராமைப் பொறுத்தவரை, மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். அதன்பின் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். டிரைவரைப் பழையதன் மேலேயே நிறுவாமல், டி.டி.யு. என்ற கருவியால் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள், அதிலும் ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள், தனிக் கவனம் கொள்ள வேண்டும். கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருந்தும், வீடியோ மெமரி போதவில்லை என்ற செய்தியோடு விளையாட்டு மூடிக்கொள்வது இவற்றில் காணப்பட்ட அடையாளம். பிராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கி, நாளடைவில் தேய்ந்துபோவதே காரணம் என்று இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. வாரன்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் புதிய பயாஸ் வழியாக வரும். அது மேலும் தேயாமல் காக்கும். முன்பே தேய்ந்துபோன பிராசஸரைச் சரிசெய்யாது. அப்படிப்பட்டதை வாரன்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும். பயாஸ் புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே முடங்கிவிடக்கூடும். ஆகவே, மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் அந்த வேலையைத் தொடாதீர்கள். அப்போது கணினி குறைந்த வாட்டில்தான் ஓடும் என்பதால், சிறிய யு.பி.எஸ்.ஸே போதுமானது.

இவற்றைச் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதையும் விளைவையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள். பழுதுபார்க்கக் கொண்டுவரும்போது அந்தத் தாள், நீலத் திரையின் படம், பாகங்களின் பில் மூன்றையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். கிராபிக்ஸ் கார்டு கனமானது என்பதால், பைக்கில் ஏற்றுவதற்கு முன்னால் அதைக் கழற்றித் தனியே சுற்றி எடுத்துவாருங்கள். காரைக்குடிச் சாலைக் குலுக்கலில் மதர்போர்டின் ஸ்லாட் விரிந்துபோய், ஒரு பழுதோடு புறப்பட்ட கணினி இரண்டு பழுதோடு வந்து சேர்வதுண்டு.

நன்றி, வணக்கம்.